தலையிலிருந்து மாட்டிய ஒயர்

குற்றாலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது என் பிழைப்பு. பள்ளிக்கூடத்தில் என்னை ஆசையாகச் சேர்த்துக்கொண்ட வாத்தியார், மூன்றே வருஷத்தில் எங்கள் அய்யாவை வரச்சொல்லி, "இவனக் கூட்டிட்டுப் போயிரும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் முதுகு விஷயத்தில் நான் டாக்டர். எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. முதலில் உச்சந்தலையில் எண்ணெய் வைக்க வேண்டும். பிறகு தோள், முதுகு, கடைசியில் கால். எவ்வளவு பெரிய ஆபீசர் வந்து படுத்தாலும் காலில் ஆரம்பிக்க மாட்டோம். அந்தச் சட்டத்தை நான் ஒயரிலும் கடைப்பிடித்தேன்.

என் வீட்டுக்காரி நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கும் மெஷின் ஒன்றை வாங்கியிருந்தாள். கடையம் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கி நாற்பத்தெட்டு முட்டை சேர்த்தாள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் நம்பர் எழுதினாள். என்னைக் கட்டிக்கொண்ட பிறகு அவளாகத் தொடங்கிய முதல் தொழில் அது. சீசன் காற்றில் மரம் விழுந்து அடிக்கடி கரண்ட் போகும். மெஷின் ரொம்ப நேரம் ஆறிவிட்டால் உள்ளே இருக்கிற குஞ்சு செத்துவிடும். அதனால்தான் மொட்டைமாடியில் ஒரு சோலார் பேனல், முட்டை அறையில் ஒரு பேட்டரி, இரண்டுக்கும் நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்ன டப்பா. வெயில் கரண்டைப் பேட்டரிக்கு அளவாக ஊட்டி, வயிறு நிறைந்ததும் நிறுத்துவது அந்த டப்பாவின் வேலை. மெஷினுக்கும் அதிலிருந்தே ஒயர் போகும். கரண்ட் போனால் மெஷின் பேட்டரிக்கு மாறிக்கொள்ளும்.

பேனல் விற்ற தென்காசிக் கடைக்கார அண்ணாச்சி, மாட்டுவதற்கு ஆள் அனுப்புகிறேன், இரண்டு நாள் பொறும் என்றார். நான் பொறுக்கவில்லை. ஆயிரம் முதுகு பார்த்த கைக்கு ஆறு ஒயர் என்ன கணக்கு?

"டப்பாவோட வந்த பேப்பரப் பாத்து மாட்டுங்க" என்றாள் அவள்.

"பேப்பரப் பாத்தா ஒன்னயக் கட்டுனேன்? நல்லாத்தான இருக்கோம்."

"யாரு நல்லா இருக்கா?"

உண்மையில் அந்தப் பேப்பர் அப்போதே என் கையில் இல்லை. பேட்டரி ஸ்டாண்டின் ஒரு கால் ஆடியதால் நாலாக மடித்து அடியில் கொடுத்திருந்தேன்.

பேனல் மாடியில் இருக்கிறது, அதுதான் தலை. பேட்டரி வயிறு. மெஷின் கால். சட்டப்படி தலையில் ஆரம்பித்தேன். பேனல் ஒயரை மாட்டியதும் டப்பா 24 என்று காட்டியது. இருபத்து நாலு மணி நேரமும் உழைப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறது போல என்று நினைத்தேன். அடுத்து பேட்டரி, கடைசியில் மெஷின். மெஷின் ஒயருக்கு நேராக இருந்த விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. கண்ணடிக்கிறது என்று நானும் பதிலுக்குக் கண்ணடித்தேன்.

"கரண்ட அமத்தி, பேட்டரில ஓடுதான்னு பாப்பமா?" என்று கேட்டாள்.

"ஓடுத மெஷின நோண்டாதட்டி" என்றேன். படித்தவன்கூட இவ்வளவு தைரியமாகப் பேசமாட்டான்.

ஒயர் மாட்டி நாலாவது நாள். குஞ்சு வெளியே வர இன்னும் மூன்று நாள்தான். அவள் குஞ்சுத் தீவனம் வாங்க தென்காசிக்குப் போயிருந்தாள். சாரல் விட்டு நல்ல வெயில். பீடியைக் காதில் சொருகிக்கொண்டு முட்டை அறையைத் திறந்தேன். குப்பென்று அழுகின முட்டை நாற்றம்.

ஒரு முட்டை அழுகி உள்ளே வெடித்தால் மற்றதெல்லாம் கெட்டுப்போகும் என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் வருவதற்குள் அதை எடுத்துவிட வேண்டும். மெஷினைத் திறந்து ஒவ்வொரு முட்டையாக மோந்து பார்த்தேன். எல்லாம் நாறியது. அறையே நாறும்போது என் மூக்கு எதைச் சொல்லும்? முந்தி ஒருநாள் பதினேழாம் நம்பரை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணுதான் சந்தேகமா இருக்கு" என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், துவைக்கிற கல்லில் தட்டினேன்.

ஓடு பிரிந்தது. நாற்றம் இல்லை. உள்ளே நனைந்த இறகோடு ஒரு குஞ்சு சுருண்டு கிடந்தது. மஞ்சள் கரு பாதி இன்னும் வயிற்றுக்கு வெளியே இருந்தது. அலகைத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

என் துண்டில் பொதிந்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். எத்தனையோ பேர் உடம்பைச் சூடேற்றிய கை. அந்தக் கைக்குள்ளேயே அது ஆறிக்கொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் அலகு அசையவில்லை.

திரும்பி அறைக்கு ஓடினேன். நாற்றம் அப்படியே இருந்தது. அப்போதுதான் சத்தம் கேட்டது. சோற்றுப்பானை மாதிரி பேட்டரி களக்களக்கென்று கொதித்துக்கொண்டிருந்தது. தொட்டால் காய்ச்சல்காரன் முதுகு மாதிரி சுட்டது. கடைக்கார அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"எந்த ஒயர வே மொதல்ல மாட்டுனீரு?"

"பேனல் ஒயர, அண்ணாச்சி."

"கெடுத்தீரு! பேட்டரிய மொதல்ல குடுத்தாத்தான அதுக்கு எத்தன வோல்ட்டுனு டப்பாவுக்குத் தெரியும்? பன்னெண்டு வோல்ட் பேட்டரிய இருவத்து நாலுன்னு நெனச்சு, வயிறு நெறஞ்ச பொறவும் ஊட்டிக்கிட்டே இருக்கு. அந்த நாத்தம் பேட்டரி நாத்தம் வே. பேட்டரி காலியா இருக்குன்னு நெனச்சு மெஷினுக்கும் ஒரு சொட்டு கரண்ட் விட்டுருக்காது. பேப்பர்ல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போட்டுருக்கும்லா?"

"பேப்பர் பேட்டரிக்கு அடியில இருக்கு, அண்ணாச்சி."

அவர் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனிலேயே கேட்டது. பிறகு, "சன்னல எல்லாம் தொறயும். பீடி கீடி பத்த வச்சிராதேயும். பேட்டரி கக்குதது கேஸு வே, பத்திக்கிட்டா வீடே போயிரும்" என்றார்.

கை தானாகக் காதுக்குப் போனது. பீடி அங்கேயே இருந்தது. பற்றவைத்திருந்தால் நாற்பத்தேழு முட்டையோடு நானும் போயிருப்பேன்.

சன்னலைத் திறந்துவிட்டு, அவர் மேற்கொண்டு சொன்னபடி பேனலைப் போர்வையால் மூடி, முதலில் பேனல் ஒயரைக் கழற்றினேன். பிறகு மெஷின், கடைசியில் பேட்டரி. ஆறிய பிறகு கடையிலிருந்து ஆள் வந்து சோதித்து, பேட்டரி பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லி, கொதித்து வற்றினதற்குப் பேட்டரித் தண்ணீர் ஊற்றினார். பேட்டரி, பேனல், மெஷின் என்ற வரிசையில் அவரே மாட்டினார். இந்தத் தடவை டப்பா 12 என்றது. விளக்கு கண்ணடிக்கவில்லை.

அவள் வந்ததும் மெஷினைத்தான் திறந்தாள்.

"பதினேழு எங்க?"

துண்டைக் காட்டினேன். பிரித்துப் பார்த்தாள்.

"உசுரோட இருந்துச்சா?"

"வாயத் தொறந்துச்சு."

அவள் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. கொல்லையில் அவளே குழி தோண்டினாள்.

மூன்றாம் நாள் காலையில் ஓடுகள் விரியத் தொடங்கிய நேரத்தில் காற்று அடித்துக் கரண்ட் போனது. இரண்டு பேரும் டப்பாவையே பார்த்தோம். மெஷின் ஒயரின் விளக்கு நிலையாக எரிந்தது. மெஷினுக்குள் சூடு இறங்கவில்லை. கீச் கீச்சென்று ஒவ்வொன்றாகச் சத்தம் கூடியது. கரண்ட் மத்தியானம்தான் வந்தது.

நான் மெல்ல எட்டிப் பார்க்கப் போனேன்.

"அங்கனயே நில்லுங்க" என்றாள். "ஒங்க கை ஒண்ணத்தையும் தொடப்பிடாது."

கதவடியிலேயே நின்று பார்த்தேன்.