கஃபார் முதலாளியின் நீலக் கண்ணாடி

சிராங்கூன் ரோட்டில் போட்டோக் கடை வைத்திருந்த அப்துல் கஃபார் முதலாளிக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஒன்றுமில்லை. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நாகூரில் வளையல் விற்றுவிட்டு இங்கே கப்பலேறி வந்த மனிதர், 1906இல் ஒரு வெள்ளைக்காரனின் பழைய கேமராவை வாங்கியதும் ஒரே நாளில் மேதாவி ஆகிவிட்டார். அவரிடம் படம் அச்சிடும் வேலை பார்த்தவன் நான், ஒலி முகம்மது.

அச்சுத்தாள் வெயில் பட்டால் கறுக்கும். படம் வருவதே அதனால்தான். ஆகவே தாள் வெட்டும் அறை ஜன்னலில் மஞ்சள் துணி கட்டுவேன். மூன்று வருஷம் ஒரு தாளும் கெடவில்லை. ஒருநாள் முதலாளி அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு நீலக் கண்ணாடி மாட்டினார்.

“மஞ்சள் சூடுடா, ஒலி. நீலம் குளிர்ச்சி. சூடுதானே தாளைக் கறுக்க வைக்குது?”

“கண்ணுக்குத்தான் குளிர்ச்சி, முதலாளி. தாளைக் கெடுக்கிறதே அந்த நீல வெளிச்சந்தான்.”

“நீ என்ன லண்டன்ல படிச்சியா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆள் எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாரம் பால்காரி பூவம்மா வந்தாள். புருஷன் இராமசாமிக்கு நெஞ்சு நோய். பிழைக்கமாட்டான் என்று தெரிந்து, ஊருக்கு அவன் அண்ணனிடம் கப்பலேற்றுகிறாள். கைக்குழந்தையோடு தான் நிற்கும் படம் ஒன்று அவன் கையில் இருக்கவேண்டும் என்றாள். அன்றே படம் பிடித்தாயிற்று; அச்சிடத்தான் பாக்கி. கப்பலுக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

எங்களிடம் இருந்ததோ கடைசிக் கட்டுத் தாள். அடுத்தது சீமையிலிருந்து வர இரண்டு மாதமாகும். மறுநாள் காலை முதலாளி கட்டைப் பிரித்து, நீல ஜன்னலடியில் பரப்பி, ஆற அமர வெட்டினார். முதல் தாளின் ஓரம் ஊதாவாவதைப் பார்த்தேன். அப்போதே சொல்லியிருந்தால் நாலு தாளாவது தேறியிருக்கும். சொல்லவில்லை. அவர் அவமானப்படுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

சாயங்காலம் வந்த படத்தில் முகமும் சேலையும் ஒரே சேறு. முதலாளி தாள் செய்தவனைத் திட்டினார். அவமானமாவது, அந்த மனிதருக்கா!

வேறு வழியில்லாமல் பூவம்மா அதையே வாங்கிக்கொண்டாள். வாசலில் மாட்டுவண்டியில் படுத்திருந்த இராமசாமி, படத்தைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தான்.

“இதுல புள்ள எங்க இருக்கு, பூவு?”

ஒன்றுமே தெரியாத ஓர் இடத்தில் அவள் விரல் வைத்தாள். “இந்தா, இங்கதான்.”

அவன் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தான். நான் உள்ளே போய்விட்டேன். தாள் கெடுகிறது என்று முதலாளிக்காவது தெரியாது.