தம்பி தேடிய தலைப்பு

போன வாரம் ரேஷன் கார்டை நகல் எடுக்க, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கடை முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள். ஒவ்வொருவர் கையிலும் கனத்த தாள்கட்டு. கடைக்காரர் பசை தடவி, கறுப்பு அட்டை போட்டு, அதில் தங்க எழுத்து அழுத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நின்ற பெண் பக்கத்துப் பெண்ணிடம், "உன் டைட்டில் என்னடி?" என்றாள். "மார்க்கெட் வெலைய செல்போன்ல காட்டுறது. ஒரே நாள்ல சார் ஓகே பண்ணிட்டாரு" என்றாள் அவள். "இம்புட்டுத்தானா? நான் வேற பயந்துட்டு இருந்தேன்" என்று இவள் சிரித்தாள்.

என் முறை வந்தது. நான் நகரவில்லை. பின்னால் நின்ற பையன், "அங்கிள், போங்க" என்று தோளைத் தொட்டான். நகல் எடுக்காமலே வீட்டுக்கு வந்து, வேண்டிய மட்டும் திட்டு வாங்கிக்கொண்டேன். காரணத்தை வீட்டில் சொல்லத் தெரியவில்லை. உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேச வராது. பேரைக் கேட்டாலே வியர்க்கும். அப்படிப்பட்டவன் வாலிப வயதில் மாட்டுத் தரகு பார்த்தேன் என்றால் சிரிப்பீர்கள். தரகன் என்றால் வாய் நீளம் என்றுதானே எல்லார் நினைப்பும். திண்டுக்கல்லைச் சுற்றிய எங்கள் சந்தைகளில் வாய், மாட்டைப் புகழ மட்டும்தான். விலையைக் கை பேசும். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தரகர் தன் கைமேல் போட்டுக்கொள்வார். வாங்க வந்தவர் அதற்குள் கையை விடுவார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். பிறகு விற்கிறவர் கை உள்ளே போகும். முகத்தில் ஒன்றும் இருக்காது. ஒருவர் மழை பெய்யுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், துண்டுக்குள்ளே அவர் விரல் வேறு கதை பேசும். எனக்கு அதைவிட நல்ல தொழில் எங்கே கிடைக்கும்?

துண்டுக்குக் காரணம் உண்டு. தண்ணி இல்லாத வருஷத்தில் தீனி போட முடியாமல் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் இருப்பார்கள். மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அவசரத்துக்கு விற்கிறவர்கள் இருப்பார்கள். என்ன விலைக்குப் போனது என்று பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. வெறும் கயிற்றோடு திரும்பினாலும் மானத்தோடு திரும்பலாம். அப்பாவும் தரகர்தான், அவர் துண்டுக்கு அந்தப் பேர் இருந்தது. அந்தத் துண்டில் புகையிலையும் சாணமும் தேங்காய் எண்ணெயும் கலந்து ஒரு வாடை. துவைத்தாலும் போகாது. அம்மா அதைத் தனியாகத்தான் ஊறப்போடுவாள்.

தம்பி எங்கள் மாதிரி இல்லை, படித்தான். எண்பதுகளில் கம்ப்யூட்டர் என்ற பேரே புதிது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் அதைப் படிக்கப் போனான். விடுமுறைக்கு வரும்போது, இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட அகலத் தாள்களைக் கட்டாகக் கொண்டு வருவான். ஒரு பக்கம் என்னவோ அச்சாகியிருக்கும், மறுபக்கம் வெறுமை. அம்மா அதை அலமாரித் தட்டில் விரித்து அதன்மேல் பருப்பு டப்பாக்களை அடுக்கினாள். எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது அப்படித்தான்.

கடைசி வருஷம் அவன் வந்தபோது முகம் சரியில்லை. சாப்ட்வேர் இன்ஜினியரிங் என்று ஒரு பாடமாம். ஆளுக்கொரு தலைப்பு எடுத்து, அதற்குத் தகுந்த மாதிரி கம்ப்யூட்டரில் செய்து காட்ட வேண்டுமாம். பாதி வகுப்பு லைப்ரரிப் புத்தகக் கணக்கை எடுத்துவிட்டது. மீதிப் பாதி ஹாஸ்டல் சாப்பாட்டுக் கணக்கு. இவனிடம் மட்டும் அந்தப் பாடத்து வாத்தியார், "உன் ஊர்ல என்ன நடக்குதோ அதைக் கொண்டா. இல்லேன்னா இந்த வருஷம் உனக்கு இல்லை" என்று சொல்லிவிட்டாராம். அடுத்த மாதக் கடைசிக்குள் தலைப்பு முடிவாக வேண்டும். வருஷம் போனால் மறுபடி படிக்க வைக்க எங்களுக்கு வழி கிடையாது. அது அவனுக்கும் தெரியும்.

தலைப்புத் தேடத் துணைக்கு என்னைக் கூப்பிட்டான். நல்ல துணை! ஒரு நூல் மில்லில் மேனேஜர் உட்காரச் சொல்லிவிட்டு, "கம்ப்யூட்டர் வந்தா ஆளுக வேலை போயிரும்னு இங்க யூனியன் கொடி புடிக்குது. நீ படிக்கிறதுக்கு என் மில்லுதான் கெடைச்சுச்சா?" என்றார். பூட்டுப் பட்டறையில், "பூட்டுக்கு எதுக்கு மிசினு? சாவி போதாதா?" என்று சிரித்தார்கள். தோல் பதனிடும் ஷாப்பில் காவலாளி உள்ளேயே விடவில்லை.   இரண்டு பேரும் வீடு வரை நடந்தே வந்தோம்.

மறுநாள் சாப்பிடும்போது அவனே கேட்டான். "அப்பா, சந்தை வெலையை எடுத்துக்கிறேன். எந்த மாடு, எத்தனை பல்லு, என்ன வெலைக்குப் போச்சுன்னு போட்டு வச்சா, அடுத்த வாரம் விக்க வர்றவன் ஏமாற மாட்டான்ல?"

மாட்டின் வயதைப் பல்லை எண்ணித்தான் சொல்வார்கள். அப்பா சிரித்தார். "உன் மிசினு மாட்டோட வாயைத் தொறந்து பாக்குமாடா?"

"அது நீங்க பாப்பீங்க. வெலைய மட்டும் சொல்லுங்க."

"துண்டுக்குள்ள பேசுனதை வெளிய சொன்னா, அப்புறம் எவன் என் கையைப் புடிப்பான்?"

அவன் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனான். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பாதிச் சோற்றை அப்படியே வைத்தார்.

அடுத்த சந்தை முடிந்து வந்ததும் அப்பா முற்றத்தில் உட்கார்ந்தார். "வா அப்பு" என்று தம்பியைக் கூப்பிட்டார். துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டுக்கொண்டு, "கையைக் குடு" என்றார். அவனுக்கும் விரல் கணக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அ, ஆ-வுக்கு முன்னால் அதுதான் வரும். அப்பா ஒவ்வொரு மாடாக நினைவுக்குக் கொண்டுவந்து, "செவலை, நாலு பல்லு" என்று மாட்டை வாயால் சொல்லி, விலையை விரலால் சொன்னார். தம்பி ஒரு கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு மறு கையால் ஓட்டைத் தாளில் எழுதினான். எல்லாம் முடிந்ததும் அப்பா அம்மாவைப் பார்த்து, "வாயால சொல்லலைல்ல?" என்றார். அம்மா தலையாட்டினாள். இப்படி ஒரு ஞாயத்தை அவர் எங்கே தேடிப் பிடித்தாரோ. சில வாரம் தொடர்ந்து நடந்தது. தம்பி ஒவ்வொரு சந்தைக்கும் ஊருக்கு வந்து போனான். அந்த வாரங்களில் அவன் நன்றாகச் சாப்பிட்டான். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு வாத்தியார் புதிதாக ஒன்று சொன்னாராம். ஒரே ஆள் சொன்ன கணக்கை ஏற்க முடியாது, வாங்கினவரிடமும் கேட்டு உறுதி செய்து வா என்று. தம்பிக்கு அது சின்ன வேலையாகத் தெரிந்திருக்கிறது. எங்களிடம் சொல்லாமல் நேராகச் சந்தைக்கே வந்தான். பாலசமுத்திரத்து வியாபாரி ஒருவர், பல வருஷமாக அப்பாவிடம் மட்டும் வாங்குகிறவர், டீக்கடையில் நின்றிருந்தார். அப்பாவும் நானும் பக்கத்தில்தான். சுற்றிலும் ஆட்கள். தம்பி தாளை விரித்துக்கொண்டு அவரிடம் போய், போன மாதம் வாங்கிய செவலையைச் சொல்லி, விலையையும் சத்தமாகச் சொல்லி, "இம்புட்டுத்தானே குடுத்தீங்க?" என்று கேட்டான்.

அந்தச் செவலையை விற்றவரும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வியாபாரி கோபப்படவில்லை. "ஏனுங்க தம்பி, இதை உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்று மட்டும் கேட்டார். தம்பி அப்பாவைப் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. வியாபாரி அப்பாவிடம், "வரட்டுங்களா" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதட்டியிருந்தால்கூட நாங்கள் ஏதாவது சொல்லியிருப்போம்.

அடுத்த சந்தையில் அப்பா துண்டை விரித்தார். ஒரு கையும் உள்ளே வரவில்லை. "வாங்கண்ணே, டீ சாப்புடுங்க" என்று எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். மாட்டை மட்டும் வேறு தரகரிடம் ஓட்டிப்போனார்கள். வெயில் ஏறி இறங்கும் வரை அப்பா கையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். அதற்கடுத்த சந்தையிலும் நின்றார். அவர் மகன் என்பதால் என் துண்டுக்கும் அதே கதிதான். நான் வெங்காயப் பேட்டையில் மூட்டை தைக்கப் போனேன். அப்பா மட்டும் சந்தையை விடவில்லை. காலையில் குளித்து, வேட்டி மாற்றி, போய் நின்றுவிட்டு வருவார்.

தம்பி மாதக் கடைசி கழிந்து வந்தான். அப்பாதான் கேட்டார். "உன் தலைப்பு என்னாச்சு அப்பு?"

"மாத்திட்டேன்ப்பா. அந்த வெலையெல்லாம் வாங்குனவங்க சொல்லாம செல்லாதுன்னுட்டாரு. தேதி வேற முடிஞ்சிருச்சு. கெஞ்சிக் கேட்டு லைப்ரரிக் கணக்கு எடுத்துட்டேன்."

"அப்ப அந்தத் தாளெல்லாம்?"

"வேணாம்ப்பா."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "சாப்டியா?" என்றார்.

தம்பி தேறினான். வடக்கே வேலை கிடைத்தது, பிறகு கடல் தாண்டிப் போனான். மாதம் தவறாமல் பணம் வரும், ஆள் வருவது குறைந்துபோனது. வந்தாலும் தன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டான். அப்பாவும் கேட்க மாட்டார். இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். அப்பா இறந்தபோது அவனுக்கு விமானம் கிடைக்கவில்லை.

அந்தச் சந்தைத் திடலில் பாதியை இப்போது புறவழிச்சாலை தின்றுவிட்டது. மீதியில் பெட்ரோல் பங்கு. மாடு விற்கிறவர்கள் போட்டோ எடுத்து, விலையும் போட்டுச் செல்போனில் அனுப்புகிறார்கள். தெரிந்த பையன் எனக்குக்கூட அனுப்புகிறான். யாரும் யாரிடமும் மறைப்பதில்லை, அதற்காக யாருக்கும் மானம் போனதாகவும் தெரியவில்லை. பாலசமுத்திரத்து வியாபாரி போய்ச் சேர்ந்துவிட்டார். செவலையை விற்றவர் போய்விட்டார். டீக்கடையில் அன்று நின்றவர்களில் ஒருவர்கூட இல்லை. எங்க அப்பா வாயால் சொல்லவில்லை என்று நான் போய்ச் சொல்ல, இனி ஆள் கிடையாது.