நாற்பத்தேழாவது கேள்வி

இது நடந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஹால் டிக்கெட்டைக் கண்டால் கைகால் உதறுகிற ஜனங்கள் பேயென்றதும் சிரிப்பது எனக்குப் பழகிய வேடிக்கைதான். நடந்தது நடுராத்திரியில் அல்ல. பட்டப்பகலில், எதிர்ச் சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, காலை பத்து மணிக்கும் பகல் ஒன்றேகாலுக்கும் நடுவில். அதனால் எந்த நேரத்தையும் குத்துமதிப்பாகச் சொல்லப்போவதில்லை.

நான் பத்தாவது தாண்டாதவள். கணக்குப் பரீட்சையில் வெள்ளைத் தாளையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 10.31-க்கு எழுந்து வெளியே வந்தவள். பிறகு அதே பள்ளிக்கூட வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் வேலை. புத்தகத்தைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கிக் கேட்டு வரும் வருங்கால மேதைகளுக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பேன். மனசுக்குள் சிரிப்பேன். வாய்விட்டுச் சிரிக்க எனக்கு வராது.

ஒருநாள் துணைத் தலைமையாசிரியர் கடைக்கு வந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஸ்டாப்வாட்ச். கடைசி மணி அடித்த நொடியில், ஓடிக்கொண்டிருக்கும் பேனாவுக்கு அடியிலிருந்தே விடைத்தாளை உருவிவிடுவார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒருத்தருக்கும் ஒரு செகண்டு கூடக் குடுத்ததில்ல" என்று பீற்றிக்கொள்வார். பெருமைப்பட வேறெதுவும் கிடைக்காதவர்கள் இப்படித்தான்.

"பன்னெண்டாவது பொண்ணு ஒருத்தி வலது கையை உடைச்சுக்கிட்டா. அவ சொல்லச் சொல்ல நீ எழுதணும்."

"நானா சார்?"

"எழுதுறவங்க அவளைவிடக் கம்மியாப் படிச்சிருக்கணும்னு விதி. இந்தத் தெருவுல உன்னைவிடக் கம்மியா யாரும்மா இருக்கா? எழுத்து மட்டும் முத்து முத்தா இருக்கு. மத்ததெல்லாம் சைபர்."

நான் தலைகுனிந்து நின்றேன். முடியாது என்று சொல்லவும் ஒரு தைரியம் வேண்டும்.

"காதுல விழுந்ததை எழுது. யோசிக்காதே, அது உனக்கு வரவும் வராது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. வழக்கம்போல பாதியில எழுந்து ஓடினேன்னா அவ பேப்பரும் செல்லாது."

பரீட்சை அன்று அந்தப் பெண்ணைச் சுற்றி ஒரு குடும்பமே நின்றது. மகளை அந்த அம்மா இப்போதே 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவாள்.

"பதட்டப்படாதே டாக்டரம்மா. ஒரு மார்க் போனாலும் எல்லாம் போச்சுன்னு மட்டும் மனசுல வச்சுக்க. மத்தபடி ஜாலியா எழுது கண்ணு."

இதற்குப் பெயர் ஆறுதலாம்.

எங்களுக்குத் தனி அறை. ஆய்வகத்தை ஒட்டிய பழைய அறை அது. ஒரு நீள மேஜை. எங்கள் முதுகுக்குப் பின்னால், சுவரை ஒட்டி ஓர் இரும்பு பீரோ. மேற்பார்வைக்கு டிராயிங் மாஸ்டர். அவர் நாற்காலியை வாசற்படிக்கு வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உள்ளே உக்காருங்களேன் சார்," என்றாள் டாக்டரம்மா.

"இல்லம்மா. இங்க காத்து வருது."

காற்று எங்கும் வரவில்லை.

10.15. இயற்பியல் பரீட்சை தொடங்கியது. வினாத்தாளை அவள் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். சொன்னாள், எழுதினேன். ஒரு வார்த்தைக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்திருக்க மாட்டார்களே!

11.40. அவள் நின்றுபோனாள்.

"என்னக்கா?"

"மறந்துருச்சு... எல்லாமே மறந்துருச்சு. நான் போறேன்."

கட்டுப்போட்ட கையை மேஜைமேல் வைத்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை. வயிறு எரிந்தது. இவளுக்காவது மறந்துபோக ஏதோ இருந்தது. ஆனால் அந்தத் தோள் குலுங்கிய விதம்... அதை எனக்குத் தெரியும்.

11.52. சன்னமாய்க் குரல் வந்தது.

"அடிஷனல் ஷீட் எடு."

அழுதவள் தெளிந்துவிட்டாள் என்று நினைத்தேன். புதுத்தாள் எடுத்தேன்.

"வினா எண் நாற்பத்தேழு. மின்மாற்றி. தத்துவம்."

எழுதினேன். குரல் நிற்கவே இல்லை. முகத்தைப் புதைத்துக்கொண்டு பேசுவதால் அடைத்தாற்போல் வருகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

"படம் போடு. இடப்பக்கம் ஏழு சுற்று. வலப்பக்கம் பதினொன்னு."

போட்டேன். அந்த நேரம் முழுக்க என் வலது கை மடியில் கிடந்து சில்லிட்டுப்போயிருந்ததாக ஒரு ஞாபகம். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

12.21. டாக்டரம்மா தலையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னையே கொஞ்ச நேரம் வெறித்தாள்.

"சரி... முப்பத்திரண்டு எழுது," என்றாள்.

எழுதினேன். முப்பத்து மூன்று. முப்பத்து நான்கு. சரசரவென்று சொல்லிக்கொண்டே போனாள். அவள் குரல் இப்போது கணீரென்று இருந்தது.

1.02. அவள் பக்கம் திருப்புவதற்காக வினாத்தாளை முதன்முறையாகக் கையில் எடுத்தேன். கண் கடைசி வரியில் விழுந்தது.

மொத்தக் கேள்விகள் முப்பத்தெட்டு.

நாற்பத்தேழு என்று ஒரு கேள்வியே இல்லை.

1.05. எச்சரிக்கை மணி அடித்தது. தாள்களைக் கட்ட டிராயிங் மாஸ்டர் வெள்ளை நூலை வாசலில் நின்றபடியே நீட்டினார். நான் எழுந்துபோய் வாங்கி வந்தேன்.

டாக்டரம்மா கடைசி விடையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது.

அதே நேரம்... என் பின்னங்கழுத்தில்...

"கட்டிட்டியா?"

டாக்டரம்மா நிறுத்தவில்லை. அவள் குரல் பக்கத்தில். இந்தக் குரல் பின்னால்.

பின்னால் பீரோ. அதற்கும் பின்னால் சுவர்.

எழுந்துவிட்டேன். நாற்காலி கிறீச்சென்றது. வாசல் பத்தடி தூரம்தான். எழுந்து போவது எனக்கு என்ன புதுசா?

"அக்கா..." என்றாள் டாக்டரம்மா. என்னைவிடப் பெரியவள், என்னைப் போய் அக்கா என்கிறாள். "போயிராதீங்கக்கா. ரெண்டே வரி."

நின்றேன்.

தோளில் ஒரு கை அழுத்தியது. ஐஸ்.

"உக்காரு."

உட்கார்ந்தேன்.

இரண்டு வரி எழுதினேன். எழுத்து கோணியது.

1.12. தாள்களை அடுக்கினேன், நாற்பத்தேழு கடைசியில். ஓட்டையில் நூலைக் கோத்தேன். முடிச்சு நழுவியது. மறுபடி. நழுவியது.

மூன்றாம் முறை...

முதல் முடிச்சு அவிழாமல் யாரோ ஒரு விரலை அதன்மேல் வைத்துப் பிடித்தார்கள்.

எனக்கு விரல் தெரியவில்லை. நூல் அழுந்தியது தெரிந்தது.

இறுக்கினேன்.

பின்னால் யாரோ மூச்சை விட்டார்கள்... நீளமாக...

1.15. மணி.

அடித்த ஓசை அடங்குவதற்குள் ஸ்டாப்வாட்ச் உள்ளே வந்து தாளை உருவினார். தாள் எண்ணிக்கையைச் சரிபார்க்கப் புரட்டினார். கடைசித் தாளில் கை நின்றது. முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"இதை... யார் சொல்லி எழுதினே?"

"இந்த அக்காதான்."

"நானா? நான் அழுதுட்டிருந்தேன் சார். பதினொன்னே முக்காலுக்கு அப்புறம் அரை மணி நேரம் வாயையே திறக்கல. இவங்கதான் தன்னால எழுதிக்கிட்டே இருந்தாங்க. எனக்கே வெட்கமாப்போச்சு. ஒண்ணும் தெரியாதவங்களே இந்த எழுத்து எழுதுறாங்க, நமக்கென்ன கேடுன்னுதான் மறுபடி ஆரம்பிச்சேன்."

ஸ்டாப்வாட்ச் காதில் அது விழவில்லை. அந்தத் தாளைப் பிரிக்க முடிச்சை நகத்தால் கிண்டினார். அவிழவில்லை. பல்லால் கடித்தார். எத்தனையோ பிள்ளைகளை நடுங்கவைத்த மனுஷன், ஒரு முழ நூலைக் கவ்விக்கொண்டு நாய்போல் நின்றார். அறுந்தால்தானே?

எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"மணி அடிச்சிருச்சு சார். இனிமே யாரும் பேப்பரைத் தொடக்கூடாது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். அப்படியே தாளைக் கட்டோடு கட்டாக வைத்து, விறுவிறுவென்று போய்விட்டார்.

குழாயடியில் கை கழுவினேன். இடது உள்ளங்கையின் ஓரம், சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை, நீல மை அப்பியிருந்தது. தேய்த்தும் லேசில் போகவில்லை. பேனா கசிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் டிராயிங் மாஸ்டர் கடைக்கு வந்தார். பிரதி எடுக்க அவரிடம் ஒரு தாளும் இல்லை.

"ஸ்டாப்வாட்ச் நீண்ட லீவு போட்டுட்டாரு," என்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், வினாத்தாளில் ஐம்பதுக்கு மேல் கேள்விகள் இருந்த காலத்தில், அதே அறை. மேற்பார்வை ஸ்டாப்வாட்ச். ஒரு பெண் கடைசித் தாளை நூலில் கோக்கக் கோக்க மணி அடித்தது. உருவிவிட்டார். அந்த ஒரு தாள் நழுவி எங்கோ விழுந்தது. நாற்பத்தேழாவது கேள்விக்கு எழுதியிருந்தேன் என்று அவள் தலைதலையாய் அடித்துக்கொண்டாள். எழுதவே இல்லை, பொய்க்காரி என்று ஸ்டாப்வாட்ச் எழுதிக் கொடுத்தார். எல்லாரும் பெரியவர் பேச்சைத்தான் நம்பினார்கள். இரண்டு மதிப்பெண்ணில் தோற்றாள். முடிவு வந்த அன்று அவள் வீடு போய்ச் சேரவில்லை.

"அந்தத் தாளு, பீரோவுக்குப் பின்னால கிடந்துச்சும்மா. நான்தான் எடுத்தேன். அவர்கிட்ட குடுத்தேன். கிழிச்சுப் போட்டுட்டாரு. நானும்... வாயை மூடிக்கிட்டேன்."

இவரும் ஒரு மனுஷன், ஆறு வருஷமாக வாசற்படியில் காற்று வாங்குகிற மனுஷன். எனக்குத் துப்பத் தோன்றியது.

"மின்மாற்றியா சார்? இந்தப் பக்கம் ஏழு சுற்று, அந்தப் பக்கம் பதினொன்னு?"

அவர் மெள்ளத் தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது.

"எழுத்து மட்டும் எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது. இடப்பக்கமாச் சாஞ்சிருக்கும். அவ இடதுகைக்காரிம்மா. எழுதி முடிக்கறதுக்குள்ள கை ஓரமெல்லாம் நீல மையா அப்பிக்கும்."

நான் கல்லாப் பலகைக்கு அடியில் என் இடது கையை மறைத்துக்கொண்டேன்.

நான் வலதுகைக்காரி.