இருபதாம் நாள் வளையம்

நான் எழுதிய விதியைக் கொண்டே ஓர் உயிரைக் கொன்றிருக்கிறார்கள். கிருமிதானே என்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

வேலை செய்த காலமெல்லாம் சிங்கப்பூரில் ஓர் ஆய்வகத்தின் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகும் பாதுகாப்புக் குழுவில் வெளி உறுப்பினராக வைத்திருக்கிறார்கள். கையெழுத்துக்கு ஆள் வேண்டுமே.

தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண் ஆய்வாளர் ஒருவர் அங்கே இருக்கிறார். மார்சிலிங் பக்கத்துக் கடலோரச் சதுப்புநிலத்தில், விழுந்து மட்கிய மரத்தடியிலிருந்து சேறு எடுத்து வந்தார். மரத்துக்கு உறுதி தருவது லிக்னின். அதைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும் பாக்டீரியா அந்தச் சேற்றில் உண்டா என்பது அவருடைய தேடல். நீலச் சாயம் கலந்த தட்டுகளில் வளர்த்தார். நொதி சுரந்தால் நீலம் வெளுத்து வளையம் விழும். உப்புச் சேற்றுக் கிருமிக்கு அவசரம் கிடையாது. இருபதாம் நாள், வெள்ளிக்கிழமை மாலை, ஒரே ஒரு தட்டில் வளையம் தெரிந்தது. திங்களன்று பிரித்தெடுத்து உறையவைக்கலாம் என்று படம் மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை மாதாந்தரத் துப்புரவு. விதிப்படி, ஏழு நாள் கடந்த தட்டுகளையெல்லாம் நீராவியில் வேகவைத்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

என் இடத்துக்கு வந்த அதிகாரியிடம் போனேன்.

“ரூல் ரூல்தான் லா அங்கிள். நீங்க எழுதினதுதானே?”

“மெதுவா வளர்றதுக்கு விலக்குன்னு ரெண்டாம் பக்கத்துல எழுதியிருந்தேனே, அது எங்க?”

“ரெண்டு பக்கம் யாரு படிப்பா? ஒரே பக்கமா லாமினேட் பண்ணி ஒட்டிட்டோம். பாருங்க, எவ்வளவு நீட்டா இருக்கு!”

நீட்டாகத்தான் இருந்தது. சம்பவ அறிக்கையையும் தயாராக நீட்டினார்: ‘வழக்கமான துப்புரவு. இழப்பு: இல்லை.’ கையெழுத்துப் போட மறுத்து, விசாரணை கேட்டு நான்கு பக்க ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அந்த ஆய்வாளர் என்னைத் தேக்காவில் ஒரு காப்பிக்கடைக்கு வரச் சொன்னார்.

“அத வாபஸ் வாங்கிடுங்க சார். விசாரணை முடியிற வரைக்கும் என் காண்ட்ராக்ட்ட புதுப்பிக்க மாட்டாங்களாம். அடுத்த மாசத்தோட வொர்க் பாஸ் முடியுது.”

“தப்பு அவங்க பேர்லம்மா.”

“தெரியும் சார். ஊருக்குப் போகப்போறது நான்தானே?”

எனக்கு அந்த நடைமுறையும் தெரியும். “அதே கிருமி திரும்பக் கிடைக்குமா?” என்றேன்.

“சொல்ல முடியாது சார். இங்க இருந்தாத்தான் தேடவே முடியும்.”

மறுநாள் போய் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றேன். ‘இழப்பு: இல்லை’ என்பதன் கீழே நான் கையெழுத்தை அழுத்திய அழுத்தில் காகிதம் கிழிந்தது. கிழிந்த படிவம் செல்லாது என்று புதிதாக ஒன்று கொடுத்தார்கள். அதிலும் போட்டேன்.