பறவை எழும்போது அசையக் கூடாது

எனக்கு நாய் என்றால் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. திருச்சியில் கல்லூரிக்கு சைக்கிளில் போன நாளில் ஒன்று என் கெண்டைக்காலைக் கவ்வியது. தழும்பு இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்ட நான் மாண்ட்ரியலில் ஒரு வேட்டை நாய்க்கு வருடக்கணக்கில் பாடம் எடுத்தேன் என்றால், முட்டைகூடத் தொடாத எங்கள் குடும்பத்தில் யாரும் நம்பமாட்டார்கள். என் மனைவி மட்டும் நம்புவாள். அவள் நேரில் பார்த்தவள்.

அறுபதுகளின் கடைசியில் இருவரும் சேர்ந்துதான் அங்கே போனோம். எனக்குப் பாலங்கள் வடிவமைக்கும் கம்பெனியில் என்ஜினீயர் வேலை. அவள் திருச்சியில் பெண்கள் கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர். சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள். நகரத்தின் விளிம்பில், ராக்ஸ்பரோவில், ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு. இரண்டு வீடு தள்ளி என் அலுவலகத்திலேயே வரைபடம் வரையும் ஒருவர் இருந்தார். பிரெஞ்சு பேசுகிறவர், என் வயதுதான். என் ஆங்கிலம் அவருக்குப் பாதி புரியும், அவருடைய பிரெஞ்சு எனக்குக் கால்வாசி புரியும். அதை வைத்துக்கொண்டே காலை ரயிலில் ஓயாமல் பேசிக்கொண்டு போவோம்.

அவரிடம் ஒரு பாயின்டர் நாய் இருந்தது. பெட்டை. வெள்ளை உடம்பில் ஈரல் நிறத் திட்டுகள். அதைப் பழக்க அவருக்கு உதவியாக இருந்த மைத்துனர் ஆற்றுக்கு அக்கரையில் லொங்கேய் என்ற ஊருக்கு வீடு மாறிப் போய்விட்டார். ஒரு வசந்தத்தில் ரயிலில் நண்பர் என்னைக் கேட்டார்: “சாயங்காலம் உனக்கு என்ன வேலை?”

ஒன்றுமில்லை என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

அந்த நாயின் குணத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். புல்லுக்குள் பறவை பதுங்கியிருக்கும் வாடை மூக்கில் பட்டவுடன், ஒரு முன்னங்காலை மடக்கி, வாலை நீட்டி, அப்படியே நின்றுவிடும். அது பிறவியிலேயே வருவது. யாரும் சொல்லித்தர வேண்டாம். சொல்லித்தர வேண்டியது அதற்கு அடுத்தது. பறவை படபடவென்று எழும்பிப் பறக்கும்போது துரத்தக் கூடாது. துப்பாக்கி வெடித்தாலும் அசையக் கூடாது. எஜமான் பின்னாலிருந்து வந்து தலையில் லேசாகத் தட்டும்வரை நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். உடம்பு முழுக்க ஓடு, ஓடு என்று துடிக்கும்போது நிற்பது எளிதா என்ன?

வீடுகள் முடிந்து ரயில் பாதையை ஒட்டி அப்போது வெறும் புல்வெளிதான். என் வேலை புறாவை வைப்பது. கூடையிலிருந்து எடுத்து, தலையை இறக்கைக்குள் செருகி, இரண்டு தடவை தாலாட்டினால் தூங்கிவிடும். புல்லுக்குள் வைத்துவிட்டு விலகிவிடுவேன். அவர் நீளக் கயிற்றில் நாயைக் கொண்டுவருவார். நாய் நின்றதும் நான் எதிர்ப்பக்கமாகப் போய்ப் புல்லைக் காலால் விலக்குவேன். புறா விழித்துக்கொண்டு கிளம்பும். அவர் வெற்றுத் தோட்டாவை வெடிப்பார். புறா நேராக அவர் வீட்டுக் கொல்லையிலிருக்கும் கூண்டுக்குப் போய்விடும். நாங்கள் திரும்பும்போது எங்களுக்கு முன்னால் வந்து கூரைமேல் உட்கார்ந்திருக்கும். ஒரு உயிரும் போகாததால் என் சைவத்துக்கும் பங்கமில்லை. இலையுதிர் காலத்தில் அவர் கௌதாரி வேட்டைக்குக் கிளம்பினால் நான் வீட்டோடு இருந்துகொள்வேன்.

“புழுவை மிதிச்சாகூட ‘சிவ சிவா’ன்னு சொல்ற மனுஷன், வேட்டை நாய்க்கு வாத்தியாரா?” என்று மனைவி சிரிப்பாள். அவள் சிரிப்பதே அந்த வீட்டில் குறைந்துகொண்டு வந்த காலம் அது. அதற்காகவே புல்வெளியில் நடந்ததையெல்லாம் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன்.

மூன்றாவது வாரம் இடத்தை மாற்றிக்கொண்டோம். அவர் முன்னால் போய்ப் புறாவை எழுப்பினார். நான் நாய்க்குப் பின்னால் நிற்கவேண்டும், அது காலைத் தரையில் ஊன்றிக் கிளம்பப் பார்த்தால் உடனே நிற்கச் சொல்லி “வோ!” என்று சத்தம் போடவேண்டும். இவ்வளவுதான். புறா எழும்பியது. நாய் கிளம்பியது. என் வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை. கயிறு கையை உருவிக்கொண்டு போக, நாய் ரயில் மேடுவரை ஓடிவிட்டது. நல்லவேளை, ரயில் வரவில்லை. நண்பர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

“ஏன் கூப்பிடவில்லை? ஊமையா நீ?”

நானே அப்போதுதான் யோசித்தேன். கிளம்பிப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று எங்கள் வீட்டில் வளர்த்திருந்தார்கள். கூப்பிட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். “எங்கே போறே?” என்றுகூடக் கேட்கக் கூடாது. என் அப்பா ஒருமுறை கண்ணாடியை மறந்து கோர்ட்டுக்குக் கிளம்பிப் போனார். நாங்கள் நான்கு பேர் வாசலில் நின்று அவர் தெருமுனை திரும்பும்வரை வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். படித்துப் பட்டம் வாங்கி, கடல் கடந்து வந்தும் அது நாக்கிலேயே தங்கியிருந்திருக்கிறது. இதையெல்லாம் என் அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன்.

“சரி, வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டால்?”

“திரும்பி வரவேண்டும். சற்று நேரம் உட்காரவேண்டும். தண்ணீர் குடிக்கவேண்டும். பிறகு புதிதாகக் கிளம்பலாம்.”

“நல்ல ஏற்பாடு,” என்று சொல்லித் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டார். “ஆனால் இது நாய். தண்ணீர் கொடுக்கவேண்டாம். கூப்பிடு, போதும்.”

கற்றுக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. வெட்டவெளியில் தொண்டை கிழிய “வோ” என்று கத்துகிற என்னைப் பார்த்திருந்தால் என் அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருப்பார். மறு வருடம் பனி கரைந்து மறுபடி பழக்கத் தொடங்கியபோது, கத்தவேண்டிய தேவையே குறைந்துவிட்டது. மே மாதத் தொடக்கத்தில் நாய் கயிறில்லாமலே நின்றது. புறா மூக்குக்கு முன்னால் எழும்பும், தோல் மட்டும் அலையலையாக நடுங்கும், கால் அசையாது.

அதைப் பார்க்க ஒரே ஒருநாள் மனைவி வந்தாள். மே மாதத்திலும் அவளுக்குக் குளிர்தான். வீட்டிலும் வெளியிலும் கழற்றாத பச்சை ஸ்வெட்டரின் கைகளுக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு நின்றாள். புறா போய் வெகுநேரமாகியும் நாய் நின்றுகொண்டிருந்தது.

“பாவம்ங்க. அதுக்குப் போகணும்னு எவ்வளவு ஆசை பாருங்க.”

“ஆசை இல்லாம எப்படி? ஆசைய அடக்கி நிக்குது பாரு, அதான் பாடம்.”

“நல்ல பாடம்,” என்றாள். என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் புல்லில் குனிந்து எதையோ பறித்தாள்.

செடியைப் பறிப்பது அவளுக்கு அங்கே இருந்த ஒரே வேலை. அவள் பட்டத்துக்கு அந்த ஊரில் பாடம் எடுக்க அனுமதி இல்லை. மறுபடி படிக்கவேண்டும், அதுவும் பிரெஞ்சில். தெருவில் அகப்பட்ட இலைகளைத் தடித்த டெலிபோன் டைரக்டரிக்குள் வைத்து அழுத்தி, பக்கத்தில் பென்சிலால் லத்தீன் பெயர் எழுதிவைப்பாள். முப்பது மாணவிகளுக்கு முன்னால் நின்ற குரல், டைரக்டரியைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அந்த மே மாதம் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. விடுப்பை இனி நீட்டிக்க முடியாது; ஜூனில் வந்து சேர்ந்தால் வேலை, இல்லையென்றால் இல்லை.

மூன்று நாள் அந்தக் கடிதம் சாப்பாட்டு மேஜைமேல் இருந்தது. சாம்பார்ப் பாத்திரத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டோம்.

“என்ன சொல்றீங்க?” என்று நான்காம் நாள் கேட்டாள்.

போகாதே என்று சொல்ல வாய்வரை வந்தது. அந்த வீட்டில் அவளில்லாமல் ஒரு சாயங்காலத்தைக்கூட என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் அவள் வாழ்க்கைக்குக் குறுக்கே நான் நிற்கக் கூடாது என்று ஒரு பெரிய மனுஷத்தனம் எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

“உன் விருப்பம்மா. எது சரின்னு படுதோ அதைச் செய்,” என்றேன்.

அதைச் சொல்லிவிட்டு, எவ்வளவு உயர்ந்த கணவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது. இன்றைக்கு அந்த ஆளைப் பார்த்தால் இரண்டு அறை விடுவேன்.

டோர்வல் விமான நிலையத்துக்கு நண்பர்தான் காரோட்டி வந்தார். எங்களைத் தனியாக விடவேண்டும் என்று அவர் காரிலேயே இருந்துவிட்டார். பிற்பகல் வெளிச்சம் கண்ணாடிச் சுவர் முழுக்க. இருவரும் நாற்காலியில் உட்கார்ந்து ஊறுகாய் எந்த அலமாரியில் இருக்கிறது, எந்தப் பருப்பு முதலில் தீரும் என்றெல்லாம் பேசினோம். அழைப்பு வந்ததும் எழுந்தாள்.

“போயிட்டு வரேங்க.”

“போயிட்டு வா.”

நடந்தாள். இருபது தப்படி போன பிறகுதான் கவனித்தேன்: பச்சை ஸ்வெட்டர் நாற்காலி முதுகிலேயே கிடந்தது. கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன். அவள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தாள். கதவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். மூடினாள். மறுபடி திறந்தாள். கூப்பிடுகிற தூரம்தான். புல்வெளியில் அதைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்கு என் குரல் போயிருக்கிறது. போகிற நேரத்தில் பின்னாலிருந்து கூப்பிட்டு, அவ்வளவு தூரம் பறக்கப் போகிறவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பாமலே கதவுக்குள் போனாள்.

காருக்குள் உட்கார்ந்ததும் நண்பர் என் மடியிலிருந்த ஸ்வெட்டரைப் பார்த்தார். வண்டியைக் கிளப்பினார்.

அவள் வேலையில் சேர்ந்தாள். முதலில் வாரம் ஒரு கடிதம், பிறகு மாதம் ஒன்று. கோடை விடுமுறையில் வருவதாக எழுதினாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அடுத்ததில் எழுதினாள். நான் அலுவலகம், புல்வெளி, டைரக்டரி என்று நாட்களை ஓட்டினேன். சாயங்காலம் அதைப் பிரித்து ஒவ்வொரு இலையாகப் பார்ப்பேன். எனக்கு அந்தப் பெயர்களில் ஒன்றுகூட உச்சரிக்க வராது, அவள் கையெழுத்துக்காகத்தான். ஏங்கினேன் என்று எழுத இந்த வயதில் எனக்குக் கூச்சமில்லை. தாளிக்கும்போது, குளிக்கும்போது, வேலை நடுவில், எப்போதும் ஏங்கினேன். கடிதங்களில் மட்டும் “நலம், நலமறிய அவா.”

ஒரு வருடம் கழித்து, பொறுக்கமாட்டாமல் நேராகவே கேட்டு எழுதினேன்: “திரும்பி வரக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் கிளம்பினாயா?”

பதில் ஜூன் மாதத்தில் வந்தது. அலுவலகத்திலிருந்து வந்தவுடன் வாசலில் நின்றபடியே பிரித்தேன்.

“முடிவு எதுவும் பண்ணிட்டுக் கிளம்பலைங்க. கேட்டுட்டீங்க, அதனால சொல்றேன். ஸ்வெட்டரை நான் மறக்கலை. வேணும்னுதான் வெச்சிட்டு நடந்தேன். நீங்க கூப்பிடுவீங்க, நான் திரும்பி வருவேன், நம்ம வழக்கப்படி உட்காரச் சொல்வீங்க, தண்ணி வாங்கிக் கொடுப்பீங்கன்னு நெனச்சேன். உட்கார்ந்திருந்தா அப்புறம் எழுந்திருச்சிருக்க மாட்டேன். கதவுகிட்ட நின்னு பையைத் திறந்து திறந்து மூடினேன். இப்ப துறைத் தலைவர் பொறுப்பு என்கிட்ட வந்திருக்கு, அம்மாவும் படுக்கையில இருக்காங்க. இனிமே கூப்பிடாதீங்க. வர முடியலைன்னு என்னைச் சொல்ல வைக்காதீங்க.”

வழக்கத்தில் பாதியை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்ற பாதியை நம்பி அவள் மெதுவாக நடந்திருக்கிறாள்.

அன்றைக்கும் நண்பர் புறாக் கூடையோடு வந்து நின்றார். மறுக்கத் தோன்றாமல் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். நாய்க்குப் பின்னால் என் இடத்தில் நின்றேன். அது வாடை பிடித்து, காலை மடக்கி நின்றது. நண்பர் புல்லை விலக்கினார். புறா எழும்பி எங்கள் தலைக்குமேல் ஒரு வட்டமடித்து, வீட்டுப் பக்கம் பறந்தது. நாய் அசையவில்லை. நான் போய்த் தலையில் தட்டவேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அதற்குப் பதிலாகக் கத்தினேன். “நில்லும்மா! கொஞ்சம் நில்லு!” என்று தமிழில், ரயில் மேட்டில் மோதித் திரும்பும்படி கத்தினேன். இரண்டு தடவை.

நண்பர் ஓடிவந்தார். நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“என்ன சொல்லிக் கத்தினாய்?”

“நிற்கச் சொன்னேன்.”

“அதுதான் நிற்கிறதே,” என்றார்.