சங்கையா வகையறாத் தூண்

பரளச்சிக்குக் கிழக்கே ஓர் ஊர். அங்கே சங்கையாவுக்கு நிலம் கொஞ்சம், வீம்பு நிறைய. கரிசலில் கம்பு பொய்த்த வருஷத்திலும் மனுஷன் நிமிர்ந்துதான் நடந்தார். காரணம், சிவன் கோயில் மண்டபத்தின் தெற்குத் தூண். பாண்டியர் காலத்துக் கோயில் அது. சாந்து பூசி ஒட்டாமல், தூண்மேல் உத்தரம், உத்தரத்தின்மேல் பலகைக்கல் என்று பாரத்தைப் பாரமே பிடித்துக்கொண்டு நிற்கும் கட்டடம். தெற்குத் தூணில் கைகூப்பி நிற்கும் சிலை தங்கள் பாட்டன் என்பது சங்கையா வகையறாவின் பேச்சு. பங்குனி உத்திரத்தன்று அந்தத் தூணடியில் நிற்பவருக்குத்தான் முதல் பரிவட்டம். அடிச்சுவர்க் கல்வெட்டிலேயே அப்படி வெட்டியிருக்கிறது என்பார் சங்கையா. அதைப் படிக்க அவருக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது.

யுத்தம் முடிந்து மண்ணெண்ணெய் கண்ணில் பட ஆரம்பித்ததும் அருப்புக்கோட்டைக்குப் போய் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு வாங்கி வந்தார். அது தங்கள் தூணில்தான் தொங்க வேண்டுமாம். சிலைக்கு மேலே உளியால் துளை போட்டு இரும்புக் கொக்கி அறைந்தார். அங்கே பிடித்தது சனி. அடுத்த மழைக்குள் துளையிலிருந்து கீழே ஒரு விரிசல் ஓடியிருந்தது.

வெளியே சொல்லியிருக்கலாம். சொன்னால் தூணை மாற்றுவார்கள், பாட்டன் போய்விடுவார், முதல் பரிவட்டம் வடக்குத் தூணுக்குச் சொந்தம் கொண்டாடும் நல்லகண்ணுவின் வகையறாவுக்குப் போகும். அதை எப்படிப் பொறுப்பது? சுண்ணாம்பைக் குழைத்து விரிசலை அடைத்தார். மேலே பட்டுத் துணியைச் சுற்றினார். பாட்டனுக்குப் பட்டு சாத்தியிருக்கிறார் என்று ஊரே கும்பிட்டது. சங்கையாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

போதாக்குறைக்கு, ஒழுகலை அடைக்கிறோம் என்று திருவிழாவுக்கு முன்னால் மேல்தளத்தில் கனமாகப் புதுக் காரை போட்டுவிட்டார்கள்.

பங்குனி உத்திரம். உச்சிவெயில். மண்டபம் கொள்ளாமல் பெண்களும் பிள்ளைகளும் நெருக்கியடித்து நின்றார்கள். அபிஷேகம் நடந்துகொண்டிருந்தபோது, தூணடியில் நின்ற சங்கையாவின் தோளில் பொடி உதிர்ந்தது. பட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார். காலையில் நகம் நுழையாத இடத்தில் இப்போது விரலே நுழைந்தது. அவருக்கு நேர் எதிரே, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவி தங்கத்தாய் நின்றாள்.

வாசல் ஒன்றே ஒன்று, அதுவும் குனிந்து போகிற வாசல். தூண் விழுகிறது என்று கத்தினால் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அந்தத் தூணில்தான் மோதுவார்கள். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

“குருக்களே, நிறுத்துங்க! எங்க ஆத்தா செத்துப்போச்சு. இப்பத்தான் சேதி வந்துச்சு!”

ஊருக்குள் பிணம் கிடந்தால் சாமிக்குப் பூசை கிடையாது. மணி நின்றது. குருக்கள் திரையை இழுத்தார். யாரும் யாரையும் தள்ளவில்லை. பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் ஒவ்வொருவராகக் குனிந்து வெளியேறினார்கள். தன் முதுகு என்னவோ தாங்கிவிடப் போவதுபோல் சங்கையா தூணில் சாய்ந்து நின்றார். பொடி தலையிலும் விழ ஆரம்பித்தது. கடைசியாகக் குருக்கள் வெளியே போனதும் இவரும் பாய்ந்தார். பின்னால் கல் முறிகிற சத்தம் கேட்டது. புழுதி அடங்கிப் பார்த்தால், தங்கத்தாய் நின்ற இடத்தில் பலகைக்கற்கள் கிடந்தன.

தங்கத்தாய் அதற்குள் ஒப்பாரியோடு வீட்டுக்கு ஓடியிருந்தாள். ஊரும் அங்கே திரண்டது. சங்கையாவின் தாய் பேச்சி, எழுந்து நடக்க முடியாதவள், கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

“எம் பிள்ளைக உசுரோட நிக்கிதுகன்னா அது ஒங்க மகனாலதான் ஆத்தா,” என்று நல்லகண்ணு நடந்ததைச் சொன்னார்.

எதிராளியின் வாயால் அந்தப் பாராட்டைக் கேட்கச் சங்கையாவால் முடியவில்லை. கொக்கி அறைந்தது, சுண்ணாம்பு அடைத்தது, பட்டு சுற்றியது எல்லாவற்றையும் வாசலில் நின்றே கொட்டித் தீர்த்தார்.

பேச்சி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“பெத்தவ செத்துட்டான்னு சொல்ல ஒனக்கு நாக்கு வந்துச்சு. தூணு விரிஞ்சிருக்குன்னு சொல்ல வரலயாடா?”

சங்கையா வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.