புழு மனைக்குக் குளிர் தடுப்பு

1. தகரத்தில் சொட்டிய தண்ணீர்

நான் முதல் தடவை அந்த இடத்துக்குப் போன காலையில், புருஷனும் பெண்டாட்டியுமாகச் செத்த புழுக்களைக் குழி தோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு புழுவும் சாக்பீஸ் துண்டு போல வெளுத்து விறைத்திருந்தது. பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் இதைச் சுண்ணாம்புக்கட்டி நோய் என்பார்கள். குளிரும் ஈரமும் சேர்ந்தால் வரும்.

அப்போது நான் ஓசூரில் ஒரு சின்ன இன்சுலேஷன் காண்ட்ராக்ட் கம்பெனியில் சைட் இன்ஜினியர். எங்களுக்கு வேலை எல்லாம் தொழிற்சாலைகளில்தான். கோல்டு ரூம் கட்டுவோம், பெயின்ட் ஷாப் கூரைக்கு உள்ளே தடுப்பு போடுவோம். விவசாயி யாரும் எங்களைக் கூப்பிட்டதில்லை. பக்கத்தில் பேரிகை என்ற ஊருக்கு வெளியே மல்பெரி போட்டிருந்த திம்மராயப்பாதான் முதல் ஆள். சில வருடம் ஃபேக்டரியில் லோடு ஏற்றப் போனவர். அங்கே நாங்கள் கட்டிய கோல்டு ரூமைப் பார்த்திருக்கிறார். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே குளிர் நிற்கிறதென்றால், குளிர்காலத்தில் உள்ளே சூடும் நிற்கும்தானே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

"மேல பாருங்க மேடம்" என்றார். தகரக் கூரையின் அடிப்பக்கம் முழுக்க நீர்த்துளிகள். நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே ஒன்று என் தோளில் விழுந்தது.

"மழையே இல்ல. ஆனா ராவெல்லாம் சொட்டுது. எலை நனையுது, புழு நனையுது. போன வருசமும் இதே மார்கழில இப்பிடித்தான் பூடுச்சு."

புழுவும் இலையும் விடுகிற ஈரம் மேலே போய்க் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகிறது என்று சொன்னேன். அவர் மனைவி சரோஜம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் தம்பி சொல்றான், இதெல்லாம் விட்டுட்டு ரெண்டு பேரும் கம்பெனி வேலைக்குப் போங்கன்னு. இவரு கேக்கறதில்ல. இதுவும் பூட்டா நான் போயிடுவேன் மேடம், சத்தியமா" என்றார். வீட்டுக்குள் அவர்கள் தெலுங்கு பேசுவார்கள். என்னிடம் தமிழ்.

2. சுவரில் ஓட்டை

கூரைக்கு பஃப் பேனல் என்று முடிவானது. இரண்டு தகடுகளுக்கு நடுவே கெட்டியான நுரை வைத்த பலகை அது. சுவருக்கு உள்பக்கமும் அதுவே. கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. சூட்டுக்கு, தானாக அணைந்து எரிகிற கரன்ட் ஹீட்டர்.

தகராறு வந்தது காற்றுவழியில்தான். இரண்டு பக்கச் சுவரிலும் தரையை ஒட்டித் திறப்புகள், முகட்டில் சாய்வுப் பட்டைகள் வைத்து நீளமாக ஒரு லூவர் என்று வரைந்து காட்டினேன். திம்மராயப்பா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குளிரு உள்ள வரக்கூடாதுன்னுதான் உங்களைக் கூப்ட்டேன். நீங்க சொவுத்துல ஓட்டை போடறேன்றீங்க."

"அண்ணா, புழு மூச்சு விடுது. நீங்களும் அக்காவும் உள்ள நின்னு வேலை செய்யறீங்க. கெட்ட காத்து வெளிய போகணும். இல்லன்னா நோய் மறுபடி வரும்."

என் முதலாளிக்கும் இது பிடிக்கவில்லை. "ஓட்டை வெச்சா சூடு நிக்கலன்னு கம்ப்ளெய்ன்ட் வரும்மா. அவங்க கேட்டதைச் செஞ்சு குடுத்துட்டு வா" என்றார். நான் படத்தை மாற்றவில்லை. அவரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

பழைய ஷெட்டின் மூலையில் ஒரு கும்முட்டி அடுப்பு இருந்தது. குளிர் ஏறினால் கரியைப் பற்றவைத்து உள்ளே வைப்பார்களாம். பழைய ஷெட்டில் சந்தும் பொந்துமாக இருந்ததால் புகை தானாக வெளியே போயிருக்கிறது. புதியதில் அப்படிப் போகாது, மனுஷன் செத்துப்போவான் என்று இருவரையும் பக்கத்தில் நிறுத்திவைத்துச் சொன்னேன். கதவின் உள்பக்கம் சிவப்பு பெயின்டில் 'கரி அடுப்பு வைக்கக் கூடாது' என்று எழுதவும் வைத்தேன்.

"எங்களுக்கு எதுக்கு மேடம் அடுப்பு, அதான் ஹீட்டர் வருதே" என்று சரோஜம்மா சிரித்தார்.

3. காய்ந்த உள்ளங்கை

அடுத்த வருடம் குளிர் தொடங்கியபின் எடுத்த முதல் வளர்ப்பு நன்றாக வந்தது. ஒரு நாள் திம்மராயப்பா எனக்குப் போட்டோ அனுப்பினார். ஏணியில் ஏறிக் கூரையின் அடிப்பக்கத்தைக் கையால் துடைத்துவிட்டு, காய்ந்த உள்ளங்கையை கேமராவுக்கு நேராக விரித்துக் காட்டியிருந்தார். அவ்வளவுதான் படம். ஆபீசில் எல்லாருக்கும் காட்டினேன்.

4. கரன்ட் போன மார்கழி

அடுத்த வளர்ப்பு கடைசிப் பருவத்தில் இருந்தபோது அவர்கள் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனது. கடைசிப் பருவத்தில்தான் புழு அதிகம் தின்னும். அது முடிந்ததும் கூடு கட்டத் தொடங்கிவிடும். அது வரைக்கும் போட்ட உழைப்பு எல்லாம் அந்தச் சில நாட்களில்தான் நிற்கும்.

சாயங்காலம் அவர் போன் செய்தார். "மேடம், கரன்ட் வர நாளாவும்றாங்க. எங்கனா ஜெனரேட்டர் வாடகைக்குக் கெடைக்குமா?"

தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். ஒருவர் காலையில் வண்டியில் ஏற்றி அனுப்புவதாக ஒத்துக்கொண்டார். அதைத் திம்மராயப்பாவிடம் சொன்னேன்.

"ஒரு ராத்திரிதான் அண்ணா. குளிர்ல புழு மெதுவாத் திங்கும், செத்துடாது. அடுப்பு மட்டும் வெச்சுடாதீங்க."

"இல்ல மேடம், வெக்கல."

காலையில் ஜெனரேட்டர் கொண்டுபோன டிரைவர்தான் என்னைக் கூப்பிட்டார். "மேடம், நீங்க சொன்ன வீடு இதுதானா? இங்க எழவு விழுந்திருக்குது. வண்டிய நிறுத்தறதா, திருப்பறதா?"



5. இலை போட்ட நேரம்

முதலாளி போக வேண்டாம் என்றார். "போனா நம்ம தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா. யாராவது கேட்டா ஆபீசுக்கு வரச் சொல்லு." அவரைக் குறை சொல்ல மாட்டேன், பயம் எல்லாருக்கும்தான். எனக்கும் பயமாக இருந்தது. ஆனாலும் பஸ் ஏறிவிட்டேன்.

பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வண்டிக்காகக் காத்திருந்தார்கள். வாசலில் கட்டிலில் திம்மராயப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். முகம் செத்தவர் முகம் போல இல்லை, நன்றாகச் சிவந்திருந்தது. கரிப்புகையில் போகிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவருடைய அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"இந்தம்மாதான் பொட்டி மாதிரி கட்டிக் குடுத்தது! காத்தே போவாம அடிச்சு வெச்சது! என் தம்பியக் கொன்னுட்டு இப்ப பாக்க வந்துக்கினு இருக்குது!"

கூட்டம் என் பக்கம் திரும்பியது. நான் வாயைத் திறக்கும் முன்னால் சரோஜம்மா எழுந்தார். யாரிடமும் எதுவும் பேசாமல் என் கையைப் பிடித்துப் புழு மனைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"எலை போடணும். காலையிலேர்ந்து போடல" என்றார்.

கதவு திறந்தே கிடந்ததால் உள்ளே குளிர்ந்திருந்தது. சுவரோரத்துத் திறப்புகளில் சாக்குகள் திணிக்கப்பட்டிருந்தன. முகட்டிலும் ஒரு சாக்கு தொங்கியது. நடுவில் கும்முட்டி அடுப்பு, சாம்பலோடு. அடுக்கடுக்காகப் புழுக்கள் உயிரோடு இருந்தன. இலை தீர்ந்துபோய்த் தலையைத் தூக்கித் தூக்கித் தேடிக்கொண்டிருந்தன.

அவர் மல்பெரித் தண்டுகளை எடுத்துப் பரப்பத் தொடங்கினார். நானும் எடுத்துப் பரப்பினேன். முதல் அடுக்கு முடிவதற்குள் தின்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அவர் பேசினார்.

"ரெண்டு பேருமாத்தான் சாக்கு வெச்சோம் மேடம். மேல அவரு வெச்சாரு. கீழ நான் வெச்சேன். 'இன்னைக்கு ஒரு ராவு மட்டும்'னாரு. அடுப்பப் பாத்துக்கினு உள்ளயே படுத்துக்கினாரு. நான் வீட்டுக்குப் படுக்கப் போறப்ப நெருப்பு அடங்கிடுமோன்னு இன்னும் கொஞ்சம் கரிய அள்ளிப் போட்டுட்டுத்தான் போனேன். விடியகாலம் வந்து எட்டிப் பாத்தேன். புழு எல்லாம் நல்லா இருந்துச்சு. புழுவே நல்லா இருக்குதே, அசந்து தூங்கறாருன்னு நெனச்சுட்டு எலை அறுக்கப் பூட்டேன். திரும்பி வந்துதான் எழுப்பனேன்."

நான் அடுத்த அடுக்குக்குத் தண்டை எடுத்தேன்.

"நீங்க சொன்னீங்க. நாங்க கேக்கல. நான் கரி போட்டேன்னு அவங்க அண்ணங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம். இந்தப் புழுவோட என்னையும் வெளிய தள்ளிடுவாங்க."

நாங்கள் வெளியே வந்தபோது அந்த அண்ணன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "சொல்லும்மா. எப்பிடிச் செத்தான் எந்தம்பி?"

"கரிப்புகைங்க. காத்து போற வழியில சாக்கு அடைச்சிருந்துச்சு."

"எவன் அடைச்சது?"

"தெரியலைங்க."

"நீ கட்டினது, உனக்கே தெரியாதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் இன்னும் நிறையச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் புழு மட்டும் எப்படிப் பிழைத்தது என்று கேட்டேன். "அந்தப் புகை நம்ம ரத்தத்தைத்தான் பிடிக்கும்மா. புழுவுக்கு அந்த மாதிரி ரத்தம் இல்ல" என்றார். சரோஜம்மாவுக்கு அதைப் போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அந்த வளர்ப்பில் கூடு மிக நன்றாக வந்தது. கருமாதி நடந்துகொண்டிருந்த வீட்டில் பக்கத்து நிலத்துப் பெண்கள் வந்து இலை போட்டு, கூடு பிரித்துக் கொடுத்தார்கள். சரோஜம்மா கம்பெனி வேலைக்குப் போகவில்லை. இன்றும் அதே ஷெட்டில் புழு வளர்க்கிறார். குளிர்காலத்தில் மட்டும் வளர்ப்பதில்லை. இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க மேடம், பேரு மட்டும் மாத்திடுங்க. அவங்க அண்ணனும் இப்ப இல்ல" என்றார். மாற்றியிருக்கிறேன்.

6. இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி

எங்கள் கம்பெனி அதன்பின் விவசாய ஷெட் எதையும் எடுக்கவில்லை. நான் சில வருடத்தில் வெளியே வந்து, புழு மனையும் கோழிக்குஞ்சு ஷெட்டும் தனியாகச் செய்து கொடுக்கிறேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேனல் எவ்வளவு தடிமன், ஹீட்டர் எவ்வளவு பெரிது என்பதெல்லாம் படித்தால் வந்துவிடும். நான் இடத்துக்குப் போனதும் டேப்பை எடுப்பதில்லை. கடுங்குளிரில் கரன்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். அதற்கு அவர்கள் சொல்லும் பதிலுக்குத்தான் பிளான் போட வேண்டும். எச்சரிக்கை எழுதிவைப்பது பிளான் ஆகாது. குளிரில் கண்ணெதிரே தன் பிழைப்பு சாகிறதைப் பார்க்கிறவர், சுவரில் எழுதியதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். ஜெனரேட்டருக்கு இடமும் வழியும் இல்லாமல் நான் பேனல் ஏற்றுவதில்லை. காற்றுவழியில் சாக்கு திணித்தாலும் நிற்காதபடி வெளியே சரிவாகத் தகரக் கூண்டு வைத்து, உள்ளே கம்பி வலை அடிக்கிறேன். எந்தத் திறப்புக்கும் மூடுகிற பலகை கிடையாது.

இதைக் கேட்டுவிட்டுப் பாதிப் பேர் போய்விடுகிறார்கள். "சூட்டைப் பிடிச்சு வெக்கத்தான் உங்களைக் கூப்ட்டோம், வெளிய வுடறதுக்கா?" என்று அவர்களும் கேட்கிறார்கள். குறைவான விலையில் முழுக்க அடைத்துக் கட்டிக் கொடுக்கிற ஆட்கள் இப்போது நிறைய உண்டு.

என்னிடம் கேட்டுவிட்டு வேறு ஆளிடம் போன ஒருவரின் ஷெட் பாகலூர் ரோட்டில் இருக்கிறது. போன வாரம் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். புதுக் கூரை, வெள்ளைவெளேரென்று, அழகாகத்தான் இருந்தது. முகட்டில் திறப்பு எதுவும் இல்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்துபோய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், டீ கொடுத்தார். "நாங்க பாத்துக்கறோம் மேடம்" என்றார்.

டிசம்பர் இனிமேல்தான் வரப்போகிறது.